தேங்காய்த் தண்ணீரில் இரண்டு தடம்

போன கிழமை, கராஜ் வேலை பழகும் பிள்ளைகளான உங்களில் சிலர் என் வீட்டுக்கு வந்து, பழைய ரெப்ளிக்கா கார் ஒன்றை வாங்க முன்னர் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கேட்டீர்கள். நான் பதிலைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோய், வாசலில் நின்ற உங்கள் காரைச் சுற்றத் தொடங்கிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஓய்வு பெற்று இவ்வளவு காலமாகியும் என்னால் ஒரு கதிரையில் கால் ஆட்டாமல் இருக்க முடியவில்லை. "இந்த மனுசன் செத்தாலும் பெட்டியைச் சுத்திப் பாத்துப்போட்டுத்தான் உள்ளை படுக்கும்" என்று என் மனைவி சொல்வாள். இருந்து சொல்ல முடியாததை எழுதித் தருகிறேன்.

ரெப்ளிக்கா என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் இதைப் படிக்கப்போகும் உங்கள் வீட்டில் உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன். பேர்போன பந்தயக் காரின் சாயலில் ஃபைபரில் ஓர் உடம்பு செய்து, அதைப் பழைய சாதாரணக் கார் ஒன்றின் அடித்தட்டில் ஏற்றிவிடுவார்கள். மேலே ராசா, கீழே கூலிக்காரன். அதில் தவறொன்றுமில்லை. கூலிக்காரனின் முதுகெலும்பு நேராக இருந்தால் சரி.

அடியில் துரு, கதவின் இடைவெளி, பிரேக், எஞ்சினின் புகை எல்லாம் பார்க்க உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஏமாறுவீர்கள். ஏனென்றால் நீங்கள் குனிந்து பார்க்கும் நேரத்தில் பக்கத்தில் நின்று ஒருவர் அவசரப்படுத்துவார். அநேகமாக அவர் விற்பவராக இருக்கமாட்டார். உங்களை நம்பிக் கூட்டிவந்தவராகவே இருப்பார்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் சுவிஸில், பாடனுக்குப் பக்கத்தில் ஒரு கராஜில் வேலை செய்துகொண்டிருந்தேன். மன்னாரில் லொறி எஞ்சின்களோடு மல்லுக்கட்டியவன் என்பதால் கை பழகியிருந்தது, நாக்குத்தான் ஜெர்மனில் நொண்டியது. என் கூட்டாளி யோகன் சூக் நகரில் ஒரு ரெஸ்டோரண்டில் சமையல். யாழ்ப்பாணத்துப் பெடியன், என்னைவிட இளையவன். நான் வேதக்காரன், கத்தோலிக்கன்; அவன் சைவம். வந்த புதிதில் ஒரே அறையில் இருந்ததால் ஒருவரின் பிரார்த்தனை மற்றவருக்குப் பாடமாகியிருந்தது.

அந்த நாட்களில் ஊருக்குப் படம் அனுப்புவது எங்களுக்கு ஒரு பெரிய வேலை. பனியில் நின்று ஒரு படம், ஏரிக்கரையில் நின்று ஒரு படம். எங்கள் அறையில் இருந்த ஒரேயொரு தோல் ஜக்கெட் எல்லாருடைய படத்திலும் மாறி மாறி வந்தது. ஜக்கெட்டுக்கு வாய் இருந்திருந்தால் எத்தனை தாய்மாரிடம் மன்னிப்புக் கேட்டிருக்குமோ தெரியாது. அத்தோடு, தெருவில் நல்ல கார் ஒன்று நின்றால் அதன் பக்கத்தில் நின்றும் ஒரு படம் எடுப்போம். சூக் காசுக்காரர்களின் ஊர். நல்ல காருக்கு அங்கே பஞ்சமில்லை.

யோகனும் அப்படி ஒரு படம் எடுத்தான். ஏரிக்கரையில் நின்ற சிவப்புத் திறந்த ஸ்போர்ட்ஸ் கார், பக்கத்தில் தோல் ஜக்கெட்டோடு அவன். அந்தப் படம் கலியாணப் பேச்சோடு சுகந்தி என்ற பெண்ணின் வீட்டுக்குப் போனது. பெண்ணின் தகப்பன் படத்தைப் பார்த்து, மாப்பிள்ளைக்குச் சொந்தமாக ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறதாம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். யோகன் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மௌனம் சம்மதம் என்று ஊர் எடுத்துக்கொண்டது.

எப்படியோ விசா கிடைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சுகந்தி சூரிச்சின் குளோட்டன் விமான நிலையத்தில் வந்து இறங்குவதாக முடிவானது. அதற்கு முந்தின கிழமை, வெள்ளிக்கிழமை மத்தியானம், கராஜுக்கு யோகனின் போன் வந்தது.

"அண்ணை, அதே மாதிரி ஒண்டு ஆப்பிட்டிருக்கு. அதே சிவப்பு, அதே திறந்த கார். அட்லிஸ்வில்லிலை. நாளைக்குக் காலமை எடுக்கிறன். நீங்கள் ஒருக்கா வந்து பாத்துத் தாங்கோ."

"அதே கார் வாங்க உனக்கு எங்காலை வசதி?"

"ரெப்ளிக்கா அண்ணை. ஆருக்குத் தெரியப்போகுது?"

"உனக்குச் சமையலறைக்குப் போக ஸ்போர்ட்ஸ் கார் வேணுமோ?"

அவன் சிரிக்கவில்லை. "அவள் வந்து கார் எங்கை எண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது? வந்த முதல் நாளே பொய்யன் எண்டு நினைச்சால் பிறகு ஆயுளுக்கும் நான் சொல்லுறதை நம்புவாளோ?"

பொய்யை மறைக்க ஒரு கார். அந்தக் காரும் ஒரு பொய். எனக்குச் சிரிப்பும் வந்தது, அன்றிரவு நித்திரையும் வரவில்லை.

சனிக்கிழமை விடியவே சூரிச்சில் சந்தித்து, சில் என்ற ஆற்றோரம் போகும் ரயிலில் ஏறினோம். யோகனின் கையில் ஒரு பை. அதற்குள் தேங்காய், தேசிக்காய், சந்தனம், குங்குமம், கற்பூரம். அந்தக் காலத்தில் சூரிச்சில் நல்ல தேங்காய் கிடைப்பது லேசில்லை. கடை கடையாகத் திரிந்து, ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, தண்ணீர் நிறைந்த ஒன்றைத் தேர்ந்து வாங்கியதாகப் பெருமையோடு சொன்னான்.

"காரை எத்தினை தரம் ஆட்டிப் பாத்தனி?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தானே அண்ணை உங்களைக் கூட்டிக்கொண்டு போறன்," என்றான். பிறகு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு இராகுகாலம் தொடங்குகிறதாம். அதற்கு முன் காரை எடுத்துவிட வேண்டுமாம்.

"உன்ரை கலண்டர் யாழ்ப்பாணத்திலை அடிச்சது. யாழ்ப்பாணத்து இராகு இஞ்சை எத்தினை மணிக்கு வருவார் எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"பகிடி விடாதேங்கோ அண்ணை. இது என்ரை கலியாண விசயம்."

உண்மைதான். அவனுக்கு அது கார் விசயமே இல்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அட்லிஸ்வில்லின் ஓரத்தில், முன்பு தச்சுப் பட்டறையாக இருந்த ஒரு கொட்டகை. முன்னால் நீண்ட சீமெந்து முற்றம். கார் வெளியே நின்றது. அழகென்றால் அப்படியொரு அழகு, சிவப்பில் காலைப் பனி முத்து முத்தாக நின்றது. யோகன் கோயில் வாசலுக்கு வந்தவன்போல் நின்றுவிட்டான். விற்பவர் நடுத்தர வயதுச் சுவிஸ்காரர், அமைதியான மனிதர். பொய் சொல்கிற முகமில்லை. ஆனால் பொய் சொல்கிற முகத்தோடு யாரும் கார் விற்பதில்லை.

எஞ்சின் பின்னால் இருந்த கார், நான் பின்மூடியில் கை வைத்தேன். சூடாக இருந்தது. நாங்கள் வரமுன்னரே எஞ்சினை ஓடவிட்டிருக்கிறார். குளிரில் எஞ்சின் எப்படி எழும்புகிறது என்பதை இனி எனக்கு யாரும் காட்ட முடியாது. முன் டயர்கள் இரண்டும் புதிது, பின் டயர்கள் பழசு. முன்னால் எப்படித் தேய்ந்தது என்று சொல்லக்கூடிய சாட்சியைக் கழற்றி எறிந்தாயிற்று. நிலத்தில் கன்னத்தை வைத்து எட்டிப் பார்த்தேன். கார் தாழ்வு, அதிகம் தெரியவில்லை. தெரிந்த இடமெல்லாம் புதுக் கறுப்புத் தார். துருப் பிடிக்காமல் பூசியது என்றார் விற்பவர். வசந்தத்தில்தான் அரசப் பரிசோதனையில் தேறியது என்றும் சொன்னார். அது உண்மை. ஆனால் பரிசோதனை அந்த ஒரு நாளுக்குச் சாட்சி, அதற்குப் பிறகு வந்த நாட்களுக்கு இல்லை.

பிள்ளைகளே, இவற்றில் ஒன்றாவது குற்றமோ? இல்லை. சூடான எஞ்சின் குற்றமில்லை, புது டயர் குற்றமில்லை, தார் பூசுவதும் நல்ல பழக்கம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் உண்டு. எல்லாம் ஒரே காரில் வந்து சேர்ந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் பிடிக்கவில்லை என்று சொல்லி ஒருவனின் கலியாணக் காரை மறுக்க முடியாது. ஜாக் ஒன்று வைத்துத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்றேன்.

"அண்ணை, நேரம் போகுது!" யோகன் என் கையைப் பிடித்து இழுத்தான். விற்பவரும் தன் பங்குக்கு, பத்து மணிக்கு இன்னொருவர் பார்க்க வருகிறார் என்றார்.

இராகு ஒரு பக்கம், இன்னொரு வாங்குகாரர் ஒரு பக்கம், வானத்தில் ஏறப்போகும் சுகந்தி ஒரு பக்கம். நான் காரைச் சுற்றி நடந்தேன். திரும்பவும் நடந்தேன். எனக்குள்ளும் ஒருவன் இருந்துகொண்டு, சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போடா என்று அரித்தான். அந்த இடத்தில் நான் என்னையே கேட்ட கேள்வியை உங்களுக்குத் தருகிறேன். இந்த அவசரம் யாருடையது? காருக்கு அவசரமில்லை. அது நாளைக்கும் அங்கேதான் நிற்கும்.

யோகனைத் தனியாகக் கூப்பிட்டேன். "நல்ல நேரம் என்னத்துக்கு? கையெழுத்துக்கோ, சில்லு உருளுறதுக்கோ?"

அவன் யோசித்தான். "சில்லு உருளுறதுக்குத்தான்."

"அப்ப ஒன்பதுக்கு முன்னம் தேங்காயை உடை, தேசிக்காயிலை ஏத்து, முற்றத்திலை உருட்டு. கையெழுத்து பிறகு. அதுக்குள்ளை நான் அடியைப் பாக்கிறன்."

ஐயரைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, வேதக்காரனான நான் சாத்திரம் சொன்னேன். அவன் முகம் தெளிந்தது. விற்பவரிடம் எங்கள் ஊர் வழக்கம் என்று விளங்கப்படுத்தினேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, நெஞ்சில் கை கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். காரின் மூக்கில் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. கற்பூரத்தை மட்டும் நான் பறித்துப் பைக்குள் போட்டேன். பெற்றோலுக்கும் ஃபைபருக்கும் நடுவில் நெருப்புக் காட்டுவதை எந்தக் கடவுளும் கேட்கமாட்டார். நாலு சில்லுக்கு முன்னாலும் தேசிக்காய் வைத்தான். தேங்காயைச் சீமெந்தில் ஓங்கி அடித்தான். தேர்ந்து வாங்கிய தேங்காய் ஏமாற்றவில்லை. தண்ணீர் காருக்கு முன்னால் அகலமாகப் பரவி ஓடியது.

யோகன் ஏறி, கும்பிட்டு, மெல்ல உருட்டினான். தேசிக்காய்கள் நசிந்தன. கார் தண்ணீரைக் கடந்து காய்ந்த சீமெந்தில் ஏறிப் போனது. நான் நேரம் வாங்கத்தான் இதைச் செய்தேன், வேறு எண்ணம் இருக்கவில்லை. ஆனால் கார் போன பிறகு நிலத்தைப் பார்த்தேன். பார்த்ததும் கால் ஆட்டம் நின்றுவிட்டது.

இடப் பக்கத்தில் ஒரேயொரு ஈரத் தடம். முன்சில்லு போன வழியிலேயே பின்சில்லும் போயிருந்தது. வலப் பக்கத்தில் இரண்டு தடம். நாலு விரல் விலகி, ஒன்றுக்கொன்று பக்கத்தில். முன்சில்லு நசித்த தேசிக்காய்த் தோலைப் பின்சில்லு தொடவேயில்லை.

முன்னுக்கும் பின்னுக்கும் சில்லின் அகலம் கொஞ்சம் வித்தியாசப்படலாம். அப்படியென்றால் இரண்டு பக்கமும் ஒரேயளவு விலக வேண்டும். ஒரு பக்கம் ஒட்டி, மறு பக்கம் விலகினால் காரின் முதுகெலும்பு வளைந்திருக்கிறது என்று அர்த்தம். முன்னால் ஒரு பக்கம், பின்னால் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு நண்டைப் போல அது ஓடுகிறது.

"நிப்பாட்டு!" என்று கத்தினேன்.

ஸ்டியரிங்கைத் திருப்பியிருப்பான் என்ற சந்தேகமும் எனக்கு இருந்தது. வாளியில் தண்ணீர் வாங்கி ஊற்றி, காரை நேராக நிறுத்தி, இன்னொரு தரம் உருட்டச் சொன்னேன். அதே தடம். யோகன் இறங்கிவந்து பார்த்தான். விற்பவரும் வந்து குனிந்து பார்த்தார். பிறகு உள்ளே போய், நான் கேட்காமலே ஜாக்கைக் கொண்டுவந்து வைத்தார். கோடையில் தன் மைத்துனர் ஓடும்போது வலப் பக்கம் நடைபாதைக் கல்லில் ஏறியது என்றும், பட்டறையில் வெல்டிங் செய்து ஒட்டித் தந்தார்கள் என்றும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சரியாகிவிட்டது என்று தான் நம்பியதாகவும் சொன்னார். நம்ப விரும்பியிருக்கிறார். மனிதர்கள் அப்படித்தான்.

"அபசகுனம்," என்றான் யோகன்.

"சகுனமில்லையடா. இரும்பு."

"அண்ணை, குளோட்டனிலை இருந்து சூக்குக்கு மட்டுந்தான். மெல்ல ஓடுறன். ஒரு நாளைக்கு மட்டும்." அவன் எனக்கும் காருக்கும் நடுவில் வந்து நின்றான். "உங்களுக்கென்ன, உங்கடை மனிசி உங்களோடை இருக்கிறா. நீங்கள் பொய் சொல்லியோ கலியாணம் முடிச்சனீங்கள்?"

அது சுட்டது. உங்களுக்கும் ஒருநாள் இப்படிச் சுடும். வேண்டாம் என்று சொல்கிறவன்தான் அந்த நேரத்தில் எதிரி. நான் அவனோடு வாதாடவில்லை. சட்டத்தைச் சொல்லவில்லை, பரிசோதனையைச் சொல்லவில்லை. விற்பவரிடம் கேட்டுவிட்டு, தூக்கிய காரின் கீழே படுத்து, வலப் பக்க முன் மூலையில் தாரைச் சுரண்டினேன். தாருக்குக் கீழே ஒட்டு, புண் ஆறிய தழும்பு மாதிரித் திரண்டிருந்தது. அதன் ஓரமாக மயிரிழை வெடிப்பு ஓடியது.

"யோகன், இஞ்சை வந்து படு."

புதுச் சட்டையோடு வந்து படுத்தான்.

"அவளை எந்தப் பக்கம் இருத்துவாய்?"

"வலப் பக்கம். இஞ்சை ஸ்டியரிங் இடப் பக்கமெல்லோ, வேறை எங்கை?"

"இதுக்கு நேர மேலைதான் அவளின்ரை காலிருக்கும்."

அவன் அந்த வெடிப்பில் விரலை வைத்துப் பார்த்தான். எடுக்கவேயில்லை. எங்கோ தேவாலயத்தில் ஒன்பது அடித்தது. இரண்டு பேரும் காரின் கீழே படுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். இராகு வந்துவிட்டார், போகட்டும்.

வெளியே வந்ததும் விற்பவர், பத்து மணிக்கு வருகிறவரிடமும் இதைக் காட்டுவேன் என்றார். கை கொடுத்தார். நான் அவரை இன்றுவரை கெட்டவர் என்று நினைக்கவில்லை. யோகன் காரின் மூக்கிலிருந்த சந்தனத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு வந்தான்.

அந்தக் கிழமை முழுக்க அவன் என்னைப் படாத பாடு படுத்தினான். கார் கராஜில் திருத்த நிற்கிறது என்று சொல்லவா, விற்றுவிட்டேன் என்று சொல்லவா என்று கேட்டு ஒவ்வொரு நாளும் போன். எங்கள் மேலாளர், உன் நண்பருக்கு எந்தக் கார் பழுது என்று கேட்டார். கார் இல்லாததுதான் பழுது என்று சொல்ல எனக்கு ஜெர்மன் போதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு என் பழைய ஸ்டேஷன் வாகனில் அவனைக் குளோட்டனுக்குக் கூட்டிப்போனேன். கதவோரமெல்லாம் துரு, பின்னால் டயர் மணம். ஆனால் தடம் நேராக விழும். அதை அன்று காலையிலும் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன்.

சுகந்தி மெல்லிய சேலைக்கு மேல் பெரிய கம்பளிச் சட்டையோடு வந்தாள். நிமிர்ந்து பார்க்கிற பிள்ளை. என் வாகனத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை, பின்சீட்டில் ஏறினாள். யோகன் அவளுக்குப் பக்கத்தில் இருக்கத் துணியாமல் முன்னால் என்னோடு ஏறிக்கொண்டான். கையைப் பிசைந்தான், கண்ணாடியை இறக்கினான், ஏற்றினான். என் கால் ஆட்டம் அவனுக்குத் தொற்றிவிட்டது என்று நினைத்தேன். சூரிச்சைத் தாண்டியதும், வீதியை விட்டுப் பார்வையை எடுக்காமல், ஒரே மூச்சில் கொட்டினான்.

"படத்திலை நிண்ட கார் என்ரையில்லை. ஆரின்ரையோ கார். நான் வெறும் சமையல்."

நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன்.

"தெரியும்," என்றாள் சுகந்தி.

யோகன் திரும்பினான். "எப்பிடி?"

"சொந்தக் காரெண்டால் ஆக்கள் சாய்ஞ்சுகொண்டெல்லோ நிப்பினம். நீங்கள் உங்கடை சட்டைகூடப் படாமல் தள்ளி நிண்டனீங்கள். ஆரின்ரையோ சாமானிலை கீறல் விழுந்திடுமோ எண்ட பயம் முகத்திலை இருந்தது."

கம்பளிச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினாள். பிறகு சொன்னாள்.

"அதைப் பாத்துத்தான் நான் ஓமெண்டனான்."

நான் வாகனத்தை ஓரமாக நிறுத்தி, யோகனைப் பின்சீட்டுக்குப் போகச் சொன்னேன்.